பேச்சு வராத மகனுக்காக அரசாங்கச் சேவையை நாடிய பதினான்கு மாதங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத் தொலைவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு நகரத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறேன். பகலில் எங்கள் மகனைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார். மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம் ஆனபோது, பேச்சு வரவில்லை என்று முதன்முதலாக அரசாங்கக் கிளினிக்கிற்குத் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது அவனுக்கு மூன்று வயது நான்கு மாதம். இடைப்பட்ட காலத்தில் கிளினிக், பெரிய மருத்துவமனை, ஒரு தனியார் மையம், சமூக நல இலாகாவின் மறுவாழ்வு மையம் ஆகிய நான்கு இடங்களையும் பார்த்துவிட்டோம். எங்களைப் போன்ற தோட்டப்புறக் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசாங்கச் சேவை மிக மெதுவாக நகர்கிறது, இருந்தாலும் அதையே முதலில் நாட வேண்டும், சிகிச்சை அறையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பிள்ளையை வளர்ப்பவர் எதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார் என்பதை வைத்தே எந்தச் சேவையையும் எடைபோட வேண்டும்.

நாங்கள் தாமதமாகப் போனோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு சுகாதாரப் பதிவேடு கொடுக்கிறார்கள். எடையையும் தடுப்பூசியையும் குறிக்கும் புத்தகம் என்றே பெரும்பாலோர் அதை அலமாரியில் வைத்திருக்கிறோம். ஆனால் எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலும் அதற்குள்ளேயே இருக்கிறது. 18 மாதத்திலும் 3 வயதிலும் பெற்றோர் பதில் சொல்ல வேண்டிய ‘எம்-சாட்’ என்ற கேள்விப் படிவமும் இருக்கிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் இருக்கலாமா என்று ஆரம்பத்திலேயே கண்டறிய உதவும் படிவம் அது. 18 மாத ஊசிக்குப் போன அன்று, நான் இரவு ஷிஃப்ட் முடித்து நேராகக் கிளினிக்கிற்கு வந்திருந்தேன். வரிசையில் நின்றபடியே மலாய்க் கேள்விகளுக்கு ‘ஆம்’, ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டே போனேன். வேண்டிய பொருளைப் பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்ற கேள்விக்கும் ஆம் என்றே குறித்தேன். உண்மையில் அவன் ஒருநாளும் சுட்டிக் காட்டியதில்லை. பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், அவருடைய கையைக் குளிர்பெட்டியின் கதவில் கொண்டுபோய் வைப்பான். முகத்தைப் பார்க்கவே மாட்டான். அதையே சுட்டிக் காட்டுவதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு தவறான பதிலால் எட்டு மாதங்கள் போயின. எங்கள் மாநிலத்தில் உள்ள தடுப்பூசி அட்டவணைப்படி 18 மாத ஊசிக்குப் பிறகு அடுத்த ஊசி 7 வயதில்தான் வருகிறது. ஊசி இல்லையென்றால் கிளினிக்கிற்குப் போக வேலை இல்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இடையில் என் மாமியார் வசம்பை உரசி நாக்கில் தடவினார். “இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், நீ ஏன் கலங்குற” என்றார். அவர் அன்பினால் சொன்னார், அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் வெறுமனே தாமதமாகப் பேசும் பிள்ளைக்கும் உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் இருந்தபடியே தீர்மானிக்க முடியாது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, டாட்டா காட்டுவது போன்ற சைகையோ இல்லாவிட்டாலும், 16 மாதத்தில் ஒரு தனிச்சொல்கூட வராவிட்டாலும், இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் உடனே காட்ட வேண்டும்.

இரண்டாம் முறை கிளினிக்கிற்குப் போனபோது, பிள்ளைகள் பிரிவில் இருந்த மிஸ்ஸி (தாதி) பதிவேட்டைத் திறந்து, அதே கேள்விகளை ஒவ்வொன்றாக என் மாமியாரிடம் கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன், அவர் பதில் சொன்னார். பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் யாரோ அவரே பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த எளிய விஷயம் எனக்கு அதுவரை தோன்றவில்லை. இப்படிவத்தை நிரப்பப் போகும் தாய்மார்கள் பாட்டியையோ ஆயாவையோ கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். மூன்று வாரங்களில் குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்த்தோம். அவர் பெரிய மருத்துவமனையின் குழந்தை மருத்துவப் பிரிவுக்கும் செவிச் சோதனைப் பிரிவுக்கும் தனித்தனியே கடிதம் கொடுத்தார். அரசாங்கக் கிளினிக்கின் கடிதத்தோடு போனால் செலவும் குறைவு: குடிமக்களுக்குக் கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), மருத்துவமனையின் நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. நாள் கூலிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் டைம் சிலிப் (வந்துபோனதற்கான சீட்டு) கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் பல சமயம் கொடுப்பதில்லை.

செவிச் சோதனை எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் ஐயம் இருந்தது. தொலைக்காட்சியில் விளம்பரப் பாட்டு கேட்டால் அடுப்படியிலிருந்து ஓடிவருகிற பிள்ளைக்குக் காது கேட்காமலா இருக்கும்? ஆனால் சில ஒலிகள் மட்டும் கேட்காமல் போவதும், நடுச்செவியில் நீர் கோத்து ஒலி மங்குவதும் உண்டு என்பதால், பேச்சுச் சிகிச்சைக்கு முன் செவியைச் சோதித்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். எங்கள் மகன் உட்கார்ந்து ஒத்துழைக்க மாட்டான் என்பதால், தூங்கும்போது எடுக்கும் சோதனைக்கு நாள் கொடுத்தார்கள். அதற்காக அவனை விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிவிட வேண்டும், வழியில் கண்ணயர விடக் கூடாது. காரில் நான் பின்னிருக்கையில் அமர்ந்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, தெரிந்த பாட்டெல்லாம் பாடிக்கொண்டே போனேன். மருத்துவமனையின் இருட்டறையில் பால் குடித்ததும் அவன் தூங்கிவிட்டான். நெற்றியிலும் காதுகளின் பின்புறமும் சிறிய ஒட்டுகளை ஒட்டி, காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, ஒலிக்கு மூளை நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று கணினியில் பார்த்தார்கள். இரு செவிகளும் நன்றாக இருந்தன. அந்த அலகைச் சேர்ந்தவர்கள் எங்களிடம் காட்டிய பொறுமையை நான் மறக்க மாட்டேன். அவன் ஒருமுறை விழித்து அழுதபோதும், இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பாமல், அவன் மறுபடி தூங்கும்வரை காத்திருந்தார்கள்.

குழந்தை மருத்துவரைப் பார்க்கத்தான் நான்கு மாதங்கள் ஆயின. அந்தக் காத்திருப்பில் நான் செய்த பிழையை இங்கே பதிவு செய்ய வேண்டும். பக்கத்து நகரத்தில் இருந்த ஒரு தனியார் மையம், ஆறு மாதத்தில் பேச வைப்போம் என்று கைப்பேசியில் விளம்பரம் செய்திருந்தது. பன்னிரண்டு வகுப்புகளுக்கு முன்பணமாக 1,440 வெள்ளி கட்டினோம். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளையை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அழும் சத்தம் வெளியே கேட்கும். முடிந்ததும் வண்ணம் தீட்டிய ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால், பெற்றோர் இருந்தால் பிள்ளை ஒத்துழைக்காது என்றார்கள். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றும் சொன்னார்கள். இரண்டு மாதங்கள் அதையும் செய்து பார்த்தோம். ஆங்கிலம் தெரியாத என் மாமியார் பேரனோடு பேசவே அஞ்சி, பகல் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருந்தார். பேச்சு வராத பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்த ஒரே மனிதரையும் நாங்கள் மௌனமாக்கிவிட்டோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஏழு வகுப்புகளோடு நிறுத்தினோம். மீதிப் பணம் திரும்பவில்லை.

நல்ல தனியார் மையங்கள் இருக்கின்றன. என் தோழி ஒருத்தியின் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் அமைந்தது. ஆனால் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும். செயல்வழிச் சிகிச்சையாளர் (அன்றாடச் செயல்களைப் பழக்குபவர்), பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோரின் பணியை ஒழுங்குபடுத்த 2016இல் மருத்துவத் துணைத் தொழில்களுக்கான சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் அவர்கள் அதற்குரிய மன்றத்தில் பதிந்து, தொழில் செய்வதற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. உள்ளே அமர்ந்து பார்க்கலாமா என்பதையும் கேளுங்கள். கூடாது என்றால், காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களா என்று பாருங்கள்.

குழந்தை மருத்துவர் எங்களோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செலவிட்டார். கர்ப்ப காலம், பிறப்பு, தூக்கம், உணவு, அவன் விளையாடும் விதம் என்று எல்லாவற்றையும் கேட்டார். புட்டி மூடிகளைச் சுவரோரமாக நீள வரிசையில் அடுக்குவான், ஒன்றை நகர்த்தினால் அலறுவான் என்று நான் சொன்னபோது, அதைச் செய்துகாட்டச் சொல்லி மூடிகளையே மேசையில் கொட்டினார். ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்று எழுதி, ஆட்டிசத்துக்கான முழு மதிப்பீடு தொடரும் என்றும், அதற்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். பெயர் உறுதியாகும்வரை ஒன்றும் தொடங்க முடியாது என்று எண்ணியிருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

மாற்றுத்திறனாளி அட்டைக்கான படிவத்தையும் அவரே கையொப்பமிட்டுக் கொடுத்தார். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்ட இந்நாட்டில், சமூக நல இலாகா ஏழு பிரிவுகளில் பதிவு செய்கிறது. ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் ஆகியவை கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வருகின்றன. அட்டை எடுத்தால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று எங்கள் சொந்தங்களில் பெரியவர்கள் தடுத்தார்கள். பதிவு நம் விருப்பத்தைப் பொறுத்தது, யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அந்த அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் இல்லை. நாங்கள் எடுத்துவிட்டோம்.

இனி, சிகிச்சையைப் பற்றி. கதவில் ‘பெமுலிஹான் சாரகெர்ஜா’ (செயல்வழிச் சிகிச்சை) என்று எழுதியிருக்கும் அறையில், தரையில் மெத்தை விரித்து, ஓர் ஊஞ்சலும் பெரிய பந்தும் வைத்திருந்தார்கள். செயல்வழிச் சிகிச்சையாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். முதலில் அவர் மகனிடம் போகவே இல்லை. வீட்டில் ஒரு பொருளைக் கேட்பதற்கு நாங்கள் பயன்படுத்தும் மிகச் சிறிய சொல் எது என்று என்னிடம் கேட்டார். ‘தா’ என்றேன். இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகிக்கொண்டு, சோப்பு நுரைக் குமிழி ஊதும் சிறு பாட்டிலை எடுத்தார். ஒருமுறை ஊதினார், குமிழிகள் பறந்து வந்து மகனின் கையில் உடைந்தன, அவன் சிரித்தான். உடனே மூடியை இறுக்கமாகத் திருகி, பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அவன் திருகிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், என்னை நோக்கி வீசினான். அவர் அசையவில்லை. கடைசியில் பாட்டிலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். “தா” என்று அவனுக்காக அவரே சொல்லி, மூடியைத் திறந்து ஊதினார். மறுபடி மூடினார். அன்று அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் ஏழாவது முறை பாட்டிலை நீட்டியபோது, தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தான். பிறந்தது முதல் அவன் எனக்குக்கூட அப்படி ஒரு பார்வையைத் தந்ததில்லை.

இதைத்தான் வீட்டில் செய்ய வேண்டும் என்றார். பிள்ளை கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடாதீர்கள். கேட்பதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கி, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். சொல் வர வேண்டும் என்பதில்லை, பார்வையோ கை நீட்டலோ வந்தாலே உடனே கொடுத்துவிடுங்கள். என் மாமியாருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. பிள்ளையை ஏங்க வைப்பது பாவம் என்றார். மூன்றாம் சந்திப்புக்கு அவரையே அழைத்துப் போனேன். சிகிச்சையாளர் முறுக்குப் போத்தலை அவர் மடியில் வைத்து, பேரனை எதிரில் உட்கார வைத்து, அவர் கைமேல் தம் கையை வைத்து, எப்போது பொறுப்பது, எப்போது கொடுப்பது என்று காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிகிச்சை நடத்துபவர் என் மாமியார்தான்.

பேச்சுச் சிகிச்சைக்கு இடம் கிடைக்க மேலும் இரண்டு மாதங்கள் காத்திருந்தோம். இத்துறையில் ஆட்கள் குறைவு. நாட்டிலேயே முதல் பட்டப்படிப்பு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995இல்தான் தொடங்கியது. தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அரிது. எங்களுக்கு வாய்த்தவர் ஒரு சீனப் பெண். நாங்கள் வீட்டில் தமிழை நிறுத்திய கதையைக் கேட்டு வருந்தினார். இரண்டு மொழி கேட்பதனால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை, வீட்டில் யாருக்கு எந்த மொழி தடையின்றி வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள் என்றார். அன்றாடம் புழங்கும் இருபது தமிழ்ச் சொற்களை எழுதிவரச் சொன்னார். பால், போதும், வா, தா, மேலே, பாட்டி என்று நான் எழுதிக் கொடுத்ததைத் தம் ஏட்டில் ஒட்டிக்கொண்டார். கைப்பேசியைப் பற்றியும் கண்டிப்பாகச் சொன்னார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயது முதல் நான்கு வயதுவரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. எங்கள் வீட்டில் அது அதைவிட மிக அதிகமாக இருந்தது.

சிகிச்சை தொடங்கி ஐந்தாவது மாதத்தில் ஒரு மாலை, என் மாமியார் கோழிகளைக் கூட்டில் அடைக்க அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக ‘பா பா பா’ என்று கூப்பிடுபவர், அன்று பேரனின் கையில் அரிசியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அவன் கோழிகளைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், ‘பா’ என்றான். அவனுடைய முதல் சொல் கோழிக்குப் போனது. அடுத்த சந்திப்பில் இதைச் சொன்னபோது, பேச்சுச் சிகிச்சையாளர் அச்சொல்லைப் பட்டியலின் உச்சியில் எழுதிவிட்டார்.

இச்சேவையின் குறைகளையும் சொல்ல வேண்டும். செயல்வழிச் சிகிச்சை ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பேச்சுச் சிகிச்சை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இந்த வயதுப் பிள்ளைக்கு இது போதவே போதாது. ஒருமுறை நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் சிகிச்சையாளர் விடுப்பில் இருப்பதைச் சொன்னார்கள்; என் கணவரின் ஒரு நாள் கூலி போனது. தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. வீட்டுப் பயிற்சித் தாள்கள் மலாயில் மட்டுமே இருக்கின்றன. பிள்ளையை வளர்ப்பவர் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டியாக இருக்கும் வீடுகள் தோட்டப்புறத்தில் எத்தனையோ உண்டு. ஒரே ஒரு பக்கம் தமிழில் இருந்தால் எவ்வளவோ உதவும். நான் அவற்றைத் தமிழில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது சமூக நல இலாகாவின் கீழ் இயங்கும் சமூக மறுவாழ்வு மையம். பி.டி.கே. என்று கேட்டால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் சோதனை முறையில் தொடங்கிய திட்டம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. எங்கள் ஊர் மையம் மாடி இல்லாத ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. அங்கே எங்கள் மகனைவிடச் சிறிய பிள்ளையும் இருக்கிறது, நாற்பது வயது அண்ணன் ஒருவரும் இருக்கிறார். பணியாளர்கள் உள்ளூர்ப் பெண்கள். அவர்கள் சிகிச்சையாளர்கள் அல்லர், அப்படிச் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று காலைகள் மற்றவர்களோடு உட்கார்ந்து பசியாறுவது, தன் முறைக்குக் காத்திருப்பது, செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பது ஆகியவற்றை அவன் அங்கேதான் கற்றுக்கொண்டான். மருத்துவமனையில் கொடுத்த பயிற்சித் தாளைக் காட்டினால், அதையே அங்கும் செய்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் பதினோராவது மாதத்தில்தான் இதைப் பற்றி விசாரித்தோம். அட்டை கையில் கிடைத்த அன்றே போயிருக்க வேண்டும்.

பெரிய மருத்துவமனைக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் காலை ஏழரைக்குள் எண் எடுத்துவிடுவது நல்லது. பதிவேடு, மைகிட் அட்டை (பிள்ளையின் அடையாள அட்டை), கிளினிக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பிள்ளை வீட்டில் விளையாடும் விதத்தைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்துச் செல்லுங்கள்; புது இடத்தில் அவன் அழுதுகொண்டே இருந்தாலும் மருத்துவர் அதைப் பார்த்துக்கொள்வார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தை, அவனால் திறக்க முடியாத மூடி போட்ட போத்தலில் எடுத்துப் போங்கள். சிகிச்சையாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.